பத்து நிமிசம் சமாளியும்

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு கலக்கும். மற்றவர்களுக்குக் கை நடுங்குமாம், நாக்கு வறளுமாம், வியர்த்துக் கொட்டுமாம். எனக்கும் அதெல்லாம் வரும், ஆனால் வயிற்றுக்குப் பிறகுதான். ஆகவே புது வேலையில் சேர்ந்த அன்று, என் மேசை எது என்று கேட்பதற்கு முன்பே கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அலுவலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடி. அங்கிருந்துதான் அந்த இணையத் தொலைக்காட்சி நடந்தது. உள்ளூரில் அதைப் பார்ப்பவர்கள் குறைவு. கனடாவிலும் லண்டனிலும் சுவிசிலும் நோர்வேயிலும் இருக்கிற எங்கள் சனம்தான் விழுந்து விழுந்து பார்க்கும். அவர்களுக்கு ஊரில் மழை பெய்தாலும் செய்தி, வெயில் எறித்தாலும் செய்தி. கோவில் திருவிழா என்றால் சொல்லவே வேண்டாம், அங்கே நடுச்சாமமாக இருந்தாலும் கட்டிலில் போனைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பது எனக்கே விளங்கவில்லை. நேர்முகத் தேர்வில் முகாமையாளர் ஒரு செய்தியைத் தந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"குரல் நல்லாயிருக்கு. எங்கை பழகினனீர்?"

"சேர்ச்சிலை."

நான் உடுப்பிட்டியில் ஒரு வேதக்காரக் குடும்பத்துப் பெண். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது பள்ளிக்கூடக் காலம் முதலே என் பொறுப்பு. முகாமையாளர் தலையை ஆட்டினார், அடுத்த கிழமையே வரச் சொன்னார். நேர்முகத் தேர்வன்று பேருந்துகள் ஓடவில்லை, வேலைநிறுத்தம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. என்னை மாமா மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து இறக்கியிருந்தார். என்னைவிடக் கெட்டிக்காரர்கள் எத்தனை பேர் அன்று பேருந்துத் தரிப்பிடங்களில் நின்று வெயிலில் காய்ந்தார்களோ! அவர்களில் யாராவது ஒருநாள் மாடிப்படி ஏறிவந்து, "அது என்ரை கதிரை" என்று சொல்லப் போகிறார்கள் என்றே ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஆணியும் பைப்பும் பெயின்ரும் விற்கிற கடை. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என் தோளில் தட்டுவார். "சரிவராட்டி யோசியாதை பிள்ளை. கடையிலை பில் எழுத ஆள் இன்னும் எடுக்கேல்லை." அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கேட்கிற எனக்கு, ஆழமான கிணற்றைக் காட்டி "விழுந்தாலும் பயமில்லை, தண்ணி குளிர்மைதான்" என்று சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு ஆணி விற்க விருப்பமில்லை. பேசுகிற வேலைதான் வேண்டும். அதுதான் எனக்குப் பயமாகவும் இருந்தது. இந்தச் சிக்கலை யாருக்கு விளங்கப்படுத்துவது?

வேலை இலேசானதாக இருக்கவில்லை. ஆட்கள் குறைவு, ஆகவே எல்லாவற்றையும் எல்லாரும் செய்ய வேண்டும். காலையில் செய்தி வாசிக்க வேண்டும், பிறகு பிறந்தநாள் வாழ்த்து, அதற்குப் பிறகு மரண அறிவித்தல். ஒரே கதிரை, ஒரே மைக், ஒரே நான். ஒருநாள் வாழ்த்து முடிந்த கையோடு மரண அறிவித்தலுக்குப் போனபோது முகத்தில் இருந்த சிரிப்பை இறக்க மறந்துவிட்டேன். முகாமையாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"பிள்ளை, செத்தவர் சோதினை பாஸ் பண்ணின மாதிரியெல்லோ வாசிக்கிறீர்?"

அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாள் மரண அறிவித்தலுக்குச் சரியான முகத்தோடு தயாராக இருந்தேன். அந்த முகத்தோடுதான் முதலில் பிறந்தநாள் வாழ்த்தும் வாசித்தேன் என்பதை யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. சுவிசில் ஒரு சின்னப் பிள்ளை அழுதிருக்கும்.

வீட்டிலிருந்து வரும்போது பேருந்து வல்லை வெளியைத் தாண்டும் நேரத்தில் என் ராஜினாமாப் பேச்சைத் தொடங்குவேன். மனதுக்குள்தான். புத்தூர் வரும்போது பேச்சு நன்றாக மெருகேறிவிடும். முகாமையாளருக்கு நன்றி, நிறுவனத்துக்கு வாழ்த்து, உடல்நிலை காரணம் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். நகரத்தில் இறங்கியதும் பசிக்கும். ஒரு வடையை வாங்கித் தின்றுகொண்டே மாடிப்படி ஏறிவிடுவேன். இப்படி இந்த வேலையை எத்தனை தடவை விட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

பயத்தைப் போக்க என்ன செய்யலாம் என்று போனில் தேடிப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன் நின்று நம்மை நாமே பாராட்ட வேண்டுமாம். அடுத்த நாள் காலையில் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "நீ கெட்டிக்காரி, உன்னால் முடியும்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன்.

குசினியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆரோடை கதைக்கிறாய்?"

"ஒருத்தரோடையும் இல்லை."

"அப்ப வாயை மூடிக்கொண்டு வந்து சாப்பிடு. பஸ் போப்போகுது."

அம்மா எங்கள் தேவாலயத்து மாதர் சங்கத் தலைவி. எதற்கும் நேரம் தவறக்கூடாது என்பதில் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்தபடியாக நம்பிக்கை உள்ளவர்.

எல்லாவற்றையும்விட என்னை வாட்டியது முகாமையாளரின் ஒரு சொல்தான். என்னைத் தகுதிகாண் காலத்தில்தான் எடுத்திருந்தார். நிரந்தரமாக்குவாரா, அனுப்பிவிடுவாரா என்று ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. நான் சுற்றி வளைத்துக் கேட்டால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பாப்பம்" என்பார். நல்ல "பாப்பம்" உண்டு, கெட்ட "பாப்பம்" உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவளான எனக்கே இது எந்தப் "பாப்பம்" என்று பிடிபடவில்லை. கடைசியாகக் கேட்டபோது கொஞ்சம் நீட்டிச் சொன்னார்.

"வாற தேர்த் திருவிழா முடியட்டும். பேந்து உம்மடை விசயம் பாப்பம்."

புத்தூர்ப் பக்கத்தில் ஒரு முருகன் கோவில் தேர். அதை நேரலையாகக் காட்டுவதாக ஒப்பந்தம். எங்கள் ஊர்களில் தேரைக் காட்டினால் மட்டும் போதாது, நேர்முக வர்ணனை வேண்டும். தேர் புறப்பட்டு நான்கு வீதியும் சுற்றிப் புறப்பட்ட இடமான இருப்புக்கு வந்து சேரும்வரை ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் தமிழ் பொழிய வேண்டும். அதற்கென்றே குடாநாட்டில் சில பேர் இருக்கிறார்கள். நாங்கள் ஒழுங்கு செய்திருந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவர் "முருகா" என்று ஒருமுறை சொன்னால் அந்த ஓசை தெல்லிப்பழை வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

"நீர் வணக்கம் சொல்லி, ஆசிரியரை அறிமுகம் செய்துபோட்டு மைக்கைக் குடுத்தாச் சரி. உம்மடை வேலை அவ்வளவுதான்" என்றார் முகாமையாளர்.

நான் அந்த வணக்கத்தை ஒரு கிழமையாகப் பாடமாக்கினேன்.

தேரன்று காலையில் அம்மா எனக்குச் சேலைக்கு மடிப்பு எடுத்துவிட்டு, ஊசியை வாயில் வைத்துக்கொண்டே புத்தி சொன்னார். "அவையள் திருநீறு தந்தால் மரியாதையா வாங்கு. செருப்பை வெளியிலை கழட்டு. பயந்தால் உள்ளுக்கை ஒரு சின்ன ஜெபம் செய்." பிறகு ஊசியை எடுத்துக் குத்திவிட்டு, "ஆனா வாய்க்குள்ளை செய்" என்றார். அம்மாவுக்கு என்னைப் பற்றி என்ன தெரிந்திருந்ததோ!

கோவிலின் தெற்கு வீதி மூலையில் இருந்த மடத்தின் மொட்டைமாடிதான் எங்களுக்குத் தந்த இடம். அங்கிருந்து பார்த்தால் வீதி முழுவதும் தெரியும். எங்கள் கமெரா அண்ணை விடியவே வந்து எல்லாவற்றையும் பொருத்தி வைத்திருந்தார். அவர் பேசவே மாட்டார், கச்சான் கடலை தின்றபடி கையால் சைகை காட்டுவார். என் குரலைக் கோவில் ஒலிபெருக்கிகளுக்கும் கொடுத்திருக்கிறது என்பதையும் சைகையால்தான் சொன்னார். தென்னைமரங்களில் கட்டியிருந்த குழாய்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டிவிட்டு என் வாயைச் சுட்டினார். மடத்தில் கழிவறை எந்தப் பக்கம் என்று நானும் சைகையால் கேட்டேன். கீழே ஆயிரக்கணக்கில் சனம்.

வணக்கம் சொன்னேன். பிழை வரவில்லை. ஆசிரியரை அறிமுகம் செய்யத் திரும்பினால் அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. அப்போது முகாமையாளர் போனில் வந்தார்.

"பிள்ளை, ஆசிரியர் விடிய வேறை ஒரு கோவில் தேருக்கும் ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தேர் இன்னும் இருப்புக்கு வரேல்லையாம். முடிஞ்ச உடனை வந்திடுவார். பத்து நிமிசம் சமாளியும்."

"என்னண்டு சமாளிக்கிறது, சேர்?"

"கதையும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பேசினேன். தேர் புறப்பட்டது. எழில்மிகு தேர் என்றேன், அழகிய தேர் என்றேன், அழகு கொஞ்சும் தேர் என்றேன். வானளாவிய என்றேன். அது வானத்தை அளாவவில்லை, பக்கத்து வீட்டுத் தென்னையைவிடக் கொஞ்சம் பதிவுதான். எம்பெருமான் அசைந்து வருகிறார் என்றேன், ஆடி வருகிறார் என்றேன், ஆடி அசைந்து வருகிறார் என்றேன். ஆசிரியராக இருந்தால் பதிகம் பாடியிருப்பார், தல வரலாறு சொல்லியிருப்பார். எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்த நீண்ட வசனமெல்லாம் ஆராதனையில் கேட்டவைதான். வாய் களைத்தபோது அது தனக்குப் பழக்கமான பாதையில் தானாகவே நடக்கத் தொடங்கிவிட்டது.

"இந்த நல்ல நாளைத் தந்ததற்காக நன்றி செலுத்துகின்றோம். இங்கே கூடியிருக்கிற யாவரையும், வர முடியாமல் தூர தேசங்களில் இருக்கிறவர்களையும், நோயுற்றோரையும், பயணம் செய்வோரையும் நினைத்தருள வேண்டும் என்று மன்றாடுகின்றோம். ஆமென்."

தென்னைமரம் தென்னைமரமாக என் ஆமென் ஒலித்தது.

கமெரா அண்ணையின் கை கச்சான் பைக்குள் அப்படியே நின்றது. கீழே ஒரு சத்தமும் இல்லை. கோவில் பரிபாலன சபைத் தலைவர் கழுத்தை நிமிர்த்தி மாடியைப் பார்த்தார். மாமாவின் கடை என் கண்ணுக்கு முன் வந்தது. ஆணிகள் கூட அளவுவாரியாக அடுக்கித் தெரிந்தன. அந்த நேரத்தில் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பருத்த அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, அடிவயிற்றில் இருந்து "அரோகரா!" என்று குரல் கொடுத்தார். உடனே வீதி முழுவதும் "அரோகரா!" என்றது. தவில் முழங்கியது, தேர் நகர்ந்தது. அந்த அம்மாவுக்கு ஆமென் காதில் விழவில்லையா, விழுந்தும் அதற்கு இதுதான் பதில் என்று நினைத்தாரா தெரியாது. அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

தேர் தெற்கு வீதி மூலைக்கு வந்தது. சரியாக எங்கள் மாடிக்குக் கீழே குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டி மூடிய பள்ளம் ஒன்று இருந்தது. மூடியவர்கள் மண்ணைத்தான் போட்டிருந்தார்கள், அதை இறுக்கவில்லை. தேரின் பின்சில்லு ஒன்று மெல்ல இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. வடம் பிடித்தவர்கள் இழுத்தார்கள், இளந்தாரிகள் பின்னால் தோள் கொடுத்தார்கள், தேர் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜே.சி.பி வேண்டும் என்று முடிவானது. ஜே.சி.பி ஓட்டுகிறவர் அங்கேதான் இருந்தார், தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு. அவர் ஈர வேட்டியோடு வீட்டுக்குப் போய்ச் சாவி எடுத்து வர வேண்டியிருந்தது.

முகாமையாளர் மீண்டும் போனில் வந்தார். "ஆசிரியற்றை தேர் இப்பத்தான் மேற்கு வீதிக்கு வந்திருக்காம். இன்னொரு பத்து நிமிசம் சமாளியும்."

அசையாத தேரைப் பற்றி என்ன சொல்வது? ஆடி வருகிறார் என்று சொல்ல முடியாது. அசைந்து வருகிறார் என்று சொன்னால் கீழே தோள் கொடுத்துக்கொண்டு நிற்பவர்கள் மேலே ஏறி வந்து என்னை அடிப்பார்கள். என் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. இதுதான் நான் இத்தனை மாதமாகப் பயந்த அமைதி. அது ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. கமெரா அண்ணை கையை வட்டமாகச் சுற்றினார்: கதை, கதை. எனக்கு அழுகை வந்தது. நான் இந்த வேலைக்குச் சரியில்லை, இதை எல்லாருக்கும் முன்னால் நானே நிரூபித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். தேரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அங்கே சனம் நின்றது. வேறு ஒன்றும் தெரியாததால் கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

கச்சான்கடைக்காரி தராசை ஒரு கையிலும் குடையை மறு கையிலும் பிடித்திருப்பதைச் சொன்னேன். பச்சைச் சேலை கட்டிய ஓர் அக்கா, கூட்டத்தில் தன் செருப்பு எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகக் காலை விட்டுப் பார்ப்பதைச் சொன்னேன். சில்லை எந்தப் பக்கம் கிளப்ப வேண்டும் என்று இரண்டு பேர் சண்டை பிடிப்பதையும், இரண்டு பேருமே சில்லைத் தொடவில்லை என்பதையும் சொன்னேன். கமெரா அண்ணை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கமெராவையும் அந்தப் பக்கம் திருப்பினார்.

"வேப்பமரத்து நிழலில் ஓர் ஐயா நிற்கிறார். வெள்ளை வேட்டி, இடுப்பில் சால்வை, நெற்றியில் மூக்குக் கண்ணாடி. தேர் நின்ற கவலை அவரிடம் தெரியவில்லை. ஐஸ்கிறீம் கோன் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அனுபவிக்கிறார். முடித்துவிட்டார். இல்லை, வண்டிப் பக்கம் திரும்பிப் போகிறார். இதோ, இரண்டாவது."

கமெரா அண்ணை வேகமாகக் கையை ஆட்டி, நேரலைக்கு வரும் செய்திகளைத் தன் போனில் காட்டினார். கனடாவில் இருந்து ஒரு பெண் எழுதியிருந்தார்: "ஐயோ அது எங்கடை அப்பா! அவருக்குச் சுகர்! ஆராவது அந்த ஐஸ்கிறீமைப் பறியுங்கோ!"

அந்த இடத்தில் ஆசிரியர் இருந்தால் பேசாமல் விட்டிருப்பார். எனக்கு அந்த நிதானம் இல்லை. பேச ஏதாவது கிடைத்ததே என்ற சந்தோசத்தில் மைக்கிலேயே சொல்லிவிட்டேன்.

"வேப்பமரத்தடியில் நிற்கும் ஐயாவுக்கு ஓர் அறிவித்தல். கனடாவில் இருந்து மகள் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐஸ்கிறீம் போதுமாம்."

தெற்கு வீதியே திரும்பிப் பார்த்தது. சிரிப்பு எழுந்தது. வடம் பிடித்தவர்கள் சிரித்தார்கள், தேரின்மேல் நின்ற ஐயர் கூட வாயைப் பொத்தினார். அந்த மனிதர் கோனோடு அப்படியே நின்றார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு தென்னையாகத் தேடி, கடைசியில் மாடியில் என்னைக் கண்டுபிடித்து ஒரு முறை முறைத்தார். அவருடைய போன் அடித்தது. இடுப்பில் இருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் செருகினார். மறுபடியும் அடித்தது. இந்த முறை எடுத்தார். அவர் பேசப் பேச, மற்றக் கையில் இருந்த ஐஸ்கிறீம் உருகி முழங்கைவரை வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நானும் அதற்குமேல் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அதற்குள் வேறு செய்திகள் வந்து குவியத் தொடங்கிவிட்டன. லண்டனில் இருந்து ஒருவர் கேட்டார்: "நீலச் சீலையோடை அம்மா எங்கையாவது நிக்கிறாவா?" நீலச் சேலையில் நாற்பது அம்மாமார் நின்றார்கள். "சிவப்புச் சால்வை கட்டின எங்கடை தம்பி வடம் பிடிக்கிறானா, இல்லாட்டி போனோடை நிக்கிறானா?" என்றார் இன்னொருவர். போனோடுதான் நின்றான், சொல்லிவிட்டேன். நோர்வேயில் இருந்து வந்த ஒரு செய்தியை இரண்டு தடவை வாசித்தேன். "கிழக்கு வீதி மூலையிலை பச்சைக் கேற். இப்ப அங்கை ஆக்கள் இல்லை. கேற்றை மட்டும் ஒருக்காக் காட்டுங்கோ." கமெரா அண்ணை காட்டினார். நான் அந்தப் படலையைப் பற்றியும் அதற்கு மேலால் எட்டிப் பார்க்கிற செவ்வரத்தையைப் பற்றியும் சொன்னேன். பூத்திருந்தது என்று சொன்னேன், பூத்துத்தான் இருந்தது. வயிறு அப்போதும் கலங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கவனிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஜே.சி.பி வந்தது. யாரோ அதற்கு மாவிலை கட்டி, முன்கண்ணாடியில் திருநீற்றுக் குறியும் பூசியிருந்தார்கள். "மஞ்சள் வண்ண வாகனம் ஒன்று தன் நீண்ட கரத்தைப் பணிவுடன் மடக்கியபடி தெற்கு வீதியில் பவனி வருகின்றது" என்று என் வாயில் தானாக வந்தது. சில்லு மேலே ஏறியது. அந்த நேரத்தில் எழுந்த அரோகராவில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தேர் இருப்புக்கு வந்து சேரும்வரை பேசினேன். ஆசிரியர் வரவே இல்லை.

மைக்கை வைத்தேன். கீழே இறங்கும்போது சபைத் தலைவர் படியடியில் காத்திருந்தார்.

"பிள்ளை, தேரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நீர் ஊர்ப்புதினமெல்லோ சொன்னீர்?"

"மன்னியுங்கோ ஐயா."

"கச்சான்கடையைச் சொன்னீர், செருப்பைச் சொன்னீர், எங்கடை சபையைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னீரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

முகாமையாளருக்குப் போன் எடுத்தேன். "பாத்தனான்" என்றார். பின்னால் நாலைந்து போன்கள் அடிக்கிற சத்தம் கேட்டது. "பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார். வாழ்த்துகிற போன்களா, ஏசுகிற போன்களா? அவருடைய குரலில் இருந்து ஒன்றும் பிடிபடவில்லை. மடத்துப் படியில் உட்கார்ந்தேன். கமெரா அண்ணை தன் கச்சான் பையை என் மடியில் வைத்துவிட்டு வயர் சுற்றப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. கோவிலில் ஆமென் சொன்னவள், ஒரு பெரிய மனிதரின் ஐஸ்கிறீமை உலகத்துக்கே அறிவித்தவள், இனி ஆணி நிறுக்கத்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கச்சானை உடைத்தேன்.

எனக்கு முன்னால் ஒரு வேட்டி வந்து நின்றது. முழங்கையில் ஐஸ்கிறீம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"நீரோ அந்தக் குரல்?"

எழுந்து நின்றேன். "ஓம் ஐயா. பிழையா எடுக்காதேங்கோ, நான் தெரியாமல்..."

"ஒரு மனுசனை நிம்மதியா ஐஸ்கிறீம் குடிக்க விடமாட்டீரோ?" என்று அதட்டினார். பிறகு படியில் உட்கார்ந்தார். ஆகவே நானும் உட்கார்ந்தேன்.

"மகள் எடுத்தா நான் போன் எடுக்கிறேல்லை" என்றார். "எடுத்தால், இஞ்சை தனிய இருந்து என்ன செய்யிறியள், கனடாவுக்கு வாங்கோ எண்டு அழுவாள். நானும் கத்துவன். பேந்து ரெண்டு பேருக்கும் நித்திரை இல்லை. அதாலை விட்டிட்டன். கனகாலம்."

"இண்டைக்கு எடுத்தனீங்கள்தானே?"

"ஊர் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்குது, எடுக்காமல் என்ன செய்யிறது?" சால்வையால் முழங்கையைத் துடைத்தார். காய்ந்தது போகவில்லை. "நல்லா ஏசினவள். தாய் ஏசின மாதிரியே இருந்தது. பேந்து, அப்பா நீங்கள் மெலிஞ்சு போனியள் எண்டவள்."

கச்சான் பையை அவர் பக்கம் நீட்டினேன். அவர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

"நாளைக்குத் தீர்த்தத் திருவிழா" என்றார். "உந்த மாடியிலை நீர்தானே நிப்பீர்?"

நாளைக்கு அந்த மாடியில் யார் நிற்பார் என்பது எனக்குத் தெரியாது. முகாமையாளர் இன்னும் எடுக்கவில்லை. ஆசிரியர் நாளைக்கு நேரத்துக்கே வந்து சேரக்கூடும்.

"ஓம் ஐயா" என்றேன். "நான்தான்."

"அப்ப சொல்லும்" என்றார் அவர், வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தபடி. "நான் எந்தப் பக்கம் நிண்டால் உமக்கு வடிவாத் தெரியும்?"